டிஎன்பிஎஸ்சி: நியமிப்பவர் ஆளுநர், நீக்குபவர் குடியரசுத் தலைவர் – ஏன் இப்படி?

தேன்மொழி_குரூப்2:
வணக்கம். அரசியலமைப்பின் 315 முதல் 323 வரையிலான பிரிவுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாநிலத் தேர்வாணையத் தலைவரையும் உறுப்பினர்களையும் ஆளுநர் நியமிக்கிறார். நீக்கும் அதிகாரம் மட்டும் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. ஏன் அப்படி? அப்புறம், அரசே ஆள் போட்டு அரசே சம்பளம் தரும் அமைப்பு எப்படி அந்த அரசுக்கு அடங்காமல் இருக்கும்?

மணி_தேர்வர்:
ஆளுநர் நியமிப்பது அமைச்சரவை ஆலோசனைப்படி. பதவிக்காலம் 6 ஆண்டு அல்லது 62 வயது, எது முந்தியோ அது. 1976இல் 41ஆவது திருத்தம் வருவதற்கு முன் 60 வயது. மத்தியத் தேர்வாணையத்துக்கு 65. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

ஓய்வுபெற்ற_பிரிவு_அலுவலர்:
தேர்வுக்குப் போதும்தான். தேன்மொழி கேட்பது அதற்கு மேலே.

நான் தலைமைச் செயலகத்தில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளைப் பார்த்தவன். அரசே தண்டனை ஆணை போடவேண்டிய 17(ஆ) கோப்பென்றால் (பெரிய தண்டனைக்குரிய குற்றச்சாட்டுகளுக்கான ஒழுங்கு விதி அது), குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அலுவலரின் விளக்கம், விசாரணை அறிக்கை, என்ன தண்டனை தரலாம் என்ற அரசின் தற்காலிக முடிவு எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்வாணையத்தின் கருத்துக்கு அனுப்புவோம். ஊதிய உயர்வை நிறுத்தலாம் என்று எழுதி அனுப்பிய ஒரு கோப்பு, 'மூன்றாவது குற்றச்சாட்டுக்குச் சாட்சியமே இல்லை' என்று திரும்பி வந்தது. ஒரு மனிதரின் பல வருட ஊதியம் அந்த ஒரு வரியில் தப்பியது. அந்தக் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது என்று 1957லேயே மன்போதன் லால் ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று ஆண்டறிக்கையோடு சட்டமன்றத்தில் குறிப்பு வைக்க வேண்டும். அந்தக் குறிப்பை எழுத எந்தத் துறைக்கும் மனம் வராது.

அரசின் கோப்பில் அப்படி எழுதும் தைரியம் 317ஆம் பிரிவிலிருந்து வருகிறது. ஆளுநர் மாநில அமைச்சரவை ஆலோசனைப்படி நடப்பவர்; நீக்கும் அதிகாரமும் அவரிடம் இருந்தால் உறுப்பினர்கள் மாநில அரசுக்குப் பயந்துதான் இருக்க வேண்டும். உறுப்பினர் மீது தவறான நடத்தை என்று குற்றம் சாட்டினால், குடியரசுத் தலைவர் அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பி, அங்கே விசாரணை முடிந்து அறிக்கை வந்த பிறகுதான் நீக்க முடியும். அதுவரை ஆளுநரால் இடைநீக்கம் மட்டும்தான் செய்ய முடியும். சம்பளமும் செலவும் தொகுப்பு நிதியின் (அரசின் பொதுக் கருவூலத்தின்) மீது சாற்றப்பட்டவை, சட்டமன்ற வாக்கெடுப்புக்கு வராது. பதவி முடிந்தபின், வேறு தேர்வாணையப் பதவி சிலவற்றைத் தவிர, எந்த அரசு வேலைக்கும் போக முடியாது. ஆக, பதவியில் இருக்கும்போது மிரட்டவும் வழியில்லை, முடிந்தபின் ஆசை காட்டவும் வழியில்லை.

என் கவலையெல்லாம் உள்ளே வரும் வாசலைப் பற்றித்தான். கூடியவரை பாதிப்பேர் 10 ஆண்டு அரசுப் பணி செய்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது 316. மீதிப் பாதிக்கு என்ன தகுதி? ஒரு வரி கூட இல்லை. 1929இல் சென்னை மாகாணத்தில் தொடங்கியபோது ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். இந்தியாவிலேயே முதல் மாகாண ஆணையம் அதுதான். இன்று தலைவரோடு 14 உறுப்பினர் இடங்கள். 2016இல் ஒரே நேரத்தில் நியமிக்கப்பட்ட 11 பேரின் நியமனத்தை, முறையான தேர்வு நடைமுறை இல்லை என்று அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மாநிலத் தகவல் ஆணையரைத் தேர்ந்தெடுக்க முதல்வர், எதிர்க்கட்சித் தலைவர், ஓர் அமைச்சர் கொண்ட குழு சட்டத்திலேயே இருக்கிறது. இத்தனை லட்சம் பிள்ளைகள் நம்பித் தேர்வெழுதும் ஆணையத்துக்கு அப்படியொரு குழுவை அரசியலமைப்பு சொல்லவில்லை. கட்டாயம் கொண்டுவர வேண்டும்.

தேன்மொழி_குரூப்2:
மிக்க நன்றி ஐயா. உச்ச நீதிமன்றத்துக்குப் போகாமல் நீக்கவே முடியாதா?

ஓய்வுபெற்ற_பிரிவு_அலுவலர்:
முடியும் அம்மா. கடனைக் கட்ட முடியாமல் நொடிப்பு நிலை அடைந்தாலோ, பதவியில் இருந்துகொண்டே வெளியே சம்பளத்துக்கு வேலை பார்த்தாலோ, உடலோ மனமோ தளர்ந்து பதவிக்குத் தகுதியில்லை என்று குடியரசுத் தலைவர் கருதினாலோ அவரே நீக்கலாம். இந்த மூன்றும் 317இன் மூன்றாவது உட்பிரிவில் இருக்கின்றன.