புதியவர்களும் பழகியவர்களும் ஆடும் மாலைக்கு எந்த டாங்கோ இசை?

ஓசூரிலிருந்து கேள்வி:
வணக்கம். ஞாயிறு மாலைகளில் மாடி அறையொன்றில் 12 பேர் டாங்கோ என்னும் அர்ஜென்டினா ஜோடி நடனம் பழகுகிறோம். எண்மர் இப்போதுதான் இசைக்கு நடக்கவே கற்கிறார்கள். சென்ற வாரம் டாங்கோ இசைக்குழுத் தலைவர் புக்லியேசேயின் இசையை ஒலிக்கவிட்டேன். தாளம் இழுபட்டு நின்ற இடத்தில் அவர்கள் ஒரு காலை எடுத்தபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். இரு சாராருக்கும் ஒத்துவருமாறு எப்படித் தேர்வது?

தருமபுரியிலிருந்து மறுமொழி:
ஐயா, இன்னொரு குழுத் தலைவரான கார்லோஸ் டி சார்லி 1950களில் பதிவுசெய்த, பாட்டில்லாத கருவியிசையில் தொடங்குங்கள். அடி நிதானமாகவும் அழுத்தமாகவும் விழுவதால் புதியவர் அதன்மேல் நடந்தாலே போதும். பழகியவர்களோ அதே இசையில் வயலின்களின் நீண்ட இழுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பலாம். மற்றொரு குழுத் தலைவரான தாரியென்சோவின் தாளமும் தெளிவானதுதான். ஆனால் 1935இல் அவர் குழுவில் பியானோ கலைஞர் பியாஜி சேர்ந்தபின் வந்த விறுவிறுப்பு புதியவர்களுக்கு மூச்சு வாங்கவைக்கும். புக்லியேசேயைக் கடைசி அரைமணிக்கு வையுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து மறுமொழி:
மேலே சொன்னதை ஏற்கிறேன். டாங்கோ வால்ஸையும் சேருங்கள்: மூன்றடியில் முதலடிக்கு மட்டும் ஓர் எட்டு வைத்தால் போதும் என்பதால், கும்மியில் சுற்றி வந்த கால்களுக்கு அது விரைவில் பிடிபடுகிறது. ஒரு தாண்டாவின், அதாவது அடுத்தடுத்து ஆடும் தொகுப்பின், மூன்று நான்கு இசைத்துண்டுகளும் ஒரே குழுவினுடையவையாக இருக்கட்டும். நடுவில் குழுவை மாற்றினால் பழகியவர்களே தடுமாறுவார்கள்.