‘பாஸ்கிங் ஸ்பாட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

பாலைவனப் பல்லிகளை வளர்ப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘பாஸ்கிங் ஸ்பாட்’ (basking spot) என்பதற்கு, அதாவது கூண்டுக்குள் பல்லி வந்து குளிர்காயும் சூடான சிறு இடத்துக்கு, ‘சூடேற்றுமிடம்’ என்று எழுதியிருந்தேன். முதல் வரைவைப் படித்த ஒருவர், தம் தாடி ஓணானின் (bearded dragon) கண்ணாடிக் கூண்டு முழுவதையும் 40 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவந்துவிட்டார். ‘சூடேற்றுமிடம் 40 டிகிரி’ என்று படித்தவருக்கு, கூண்டுதான் அந்த இடம் என்று தோன்றியிருக்கிறது. அவர் அனுப்பிய படத்தில் ஓணான் வாயைப் பிளந்தபடி, கண்ணாடியின் கீழ்மூலையில் முகத்தை அழுத்திக்கொண்டு கிடந்தது. உடனே கூண்டின் சூட்டு விளக்கை அணைக்கச் சொன்னேன். பிழைத்துக்கொண்டது. பிழை அவருடையதன்று, என் சொல்லினுடையது. அதனால்தான் இதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். உடம்புக்குத் தேவையான சூட்டை ஓணானால் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ள இயலாது, வெளியிலிருந்துதான் பெற வேண்டும். அதற்காக, வெளியில் எவ்வளவு சூடோ அவ்வளவையும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும் உயிர் என்று அதை எண்ணிவிடக் கூடாது. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்று தன் உடல் வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் அது வைத்துக்கொள்கிறது. பாலைவன ஊர்வனவற்றை ஆராய்ந்த கௌல்ஸும் போகர்ட்டும் 1944-லேயே இதை விளக்கிவிட்டார்கள். தாடி ஓணான் நாடும் உடல் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. அதை எட்ட, விளக்கின் நேர்கீழே கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி அளவில் இருக்க வேண்டும். கூண்டின் மறுகோடியோ 25 டிகிரி அளவில் தணிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நடந்து போக இடமும் வேண்டும். வளர்ந்த ஓணானுக்கு 120 செ.மீ. நீளக் கூண்டாவது வேண்டும் என்பது இதற்காகவும்தான்.

என் வீட்டு ஓணான் காலையில் கருத்த உடம்போடு வெளியே வரும். கல்லின் மேல் ஏறி, விலாவைத் தட்டையாக விரித்து, விளக்கின் பக்கம் சாய்த்துக்கொள்ளும். சூடு ஏற ஏற நிறம் வெளுக்கும். போதுமான சூடு ஏறியதும் வாயைச் சற்றே திறக்கும். பிறகு தானே இறங்கி நிழலுக்குப் போய்விடும். யாரும் அதைச் சூடாக்குவதில்லை. அது காய்கிறது.

நமக்கு வேண்டிய சொல் இதுதான். குளிர் காய்கிறோம், தீக்காய்கிறோம், வெயில் காய்கிறோம். காய்தல் தன்வினை, காய்ச்சுதல் பிறவினை. பாலைக் காய்ச்சுகிறோம், இரும்பைக் காய்ச்சுகிறோம். ‘சூடேற்றுமிடம்’, ‘வெப்பமூட்டுமிடம்’ எல்லாம் பிறவினையில் பிறந்தவை. அவற்றில் ஓணான் அடுப்பில் ஏற்றிய பாத்திரமாகிவிடுகிறது. குறள் 691 ‘அகலாது அணுகாது தீக்காய்வார்’ என்கிறது. அரசரோடு பழகும் முறைக்குச் சொன்ன உவமை, இந்தக் கூண்டுக்கு அப்படியே பொருந்துகிறது.

என் பரிந்துரை: ‘வெயில்காய் திட்டு’. திட்டு என்றால் சிறு மேடு. சுற்றிலும் உள்ளதிலிருந்து தனித்துத் தெரியும் சிறு பரப்புக்கும் அதுவே பெயர். ‘வெயில்’ என்பதைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. சூடு மட்டும் போதாது. புற ஊதா-பி கதிர் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்கும். அது குறைந்தால் எலும்புக்குக் கால்சியம் சேராது. வெயிலில் சூடும் ஒளியும் ஒன்றாகவே இறங்குகின்றன. கூண்டிலும் சூட்டு விளக்கு, புற ஊதா விளக்கு இரண்டின் வீச்சும் ஒரே திட்டின் மேல் விழ வேண்டும்.

மறுமொழி:

அன்புடையீர், காய்தல் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. ‘வெயில்’தான் இடிக்கிறது. சிறுத்தைப் பல்லியை (leopard gecko) எடுத்துக்கொள்ளுங்கள். அது அந்தியிலும் இரவிலும் நடமாடுவது. பகற்சூடு தங்கிய பாறையில் வயிறு படியப் படுத்துச் சூட்டை எடுத்துக்கொள்கிறது. அதன் கூண்டில் நாம் வைப்பது 32 டிகிரி அளவுள்ள ஒரு மறைவிடம். அதை வெயில் என்று எப்படி அழைப்பது?

இதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. ‘வெயில்’ என்று படித்தவர் கண்ணாடிக் கூண்டைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னல் வெயிலில் வைத்துவிடுவார். கண்ணாடிக்குள் சிக்கிய வெயிலில் பல்லிக்கு ஒதுங்க நிழல் இராது, சிறிது நேரத்தில் செத்துவிடும். ஒரு விபத்தைத் தடுக்க வந்த சொல் இன்னொன்றை அழைத்துவரலாமா? மேலும், துணி காய்வதும் காய்தல்தானே. ஈரமில்லாத திட்டு என்று பொருள் கொள்ள மாட்டார்களா?

என் பதில்:

ஐயா, ஜன்னல் எனக்குத் தோன்றவேயில்லை. அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை, ‘வெயில்’ போகட்டும். ‘காய்திட்டு’ என்றே வைத்துக்கொள்வோம். குளிர் காய வெயில்தான் வேண்டும் என்பதில்லை, சூடான பாறையும் போதும். சிறுத்தைப் பல்லிக்கும் இது பொருந்தும்.

துணி பற்றிய ஐயத்துக்கு ஒன்று சொல்கிறேன். உண்கலம் என்றால் உண்ணுகிற கலம் என்று யாரும் கொள்வதில்லை, உண்பதற்கான கலம். காய்திட்டும் அப்படியே, காய்வதற்கான திட்டு. உலர்ந்த இடத்தைச் சொல்ல ‘காய்ந்த திட்டு’ இருக்கிறது.

நீங்கள் சிறுத்தைப் பல்லியைக் கொண்டுவந்ததால் இன்னும் இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. ஊர்வன, பறப்பன போல, ஒளியில் சூடு பெறுபவை வெயில்காய்வன. படுத்த பரப்பிலிருந்து பெறுபவை தரைகாய்வன. எந்தக் கூண்டுக்கு எந்தச் சூடு என்பதை இந்தப் பெயர்களே சொல்லிவிடும். ‘குளிர் இரத்தப் பிராணி’ என்பதையும் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். காய்ந்து இறங்கும் ஓணானின் இரத்தம் ஏறக்குறைய நம் இரத்தத்தின் சூட்டில் இருக்கும்போது அதைக் குளிர் இரத்தம் என்பது தவறு. ‘புறவெப்ப விலங்கு’ என்று மாற்றியிருக்கிறேன்.

திருத்திய வரிகள் இவை: ‘காய்திட்டின் மேற்பரப்பு 40 டிகிரி, குளிர்ந்த கோடி 25 டிகிரி. காய்திட்டு ஓணானின் உடல் முழுவதும் கொள்ளும் அளவில் இருக்கட்டும். அகச்சிவப்பு வெப்பமானியைக் கல்லின் மேல் காட்டி அளக்கவும். தெர்மோஸ்டாட் (வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி) இல்லாமல் எந்தச் சூட்டு விளக்கையும் ஏற்ற வேண்டாம்.’

நேற்றிரவு இதை அந்த வாசகருக்கு அனுப்பினேன். காய்திட்டைக் கூண்டின் எந்தக் கோடியில் வைப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறார்.