கப்பலேறிப் போன முன்னோரைத் தேடுகிறேன்: 'சேலம்' என்று தேடினால் அமெரிக்கா வருகிறது, உதவி தேவை

பர்கூரிலிருந்து கேட்டவர்:

வணக்கம். எங்கள் குடும்பத்தின் வம்சாவளியை இணையத்தில் தொகுத்து வருகிறேன். சொந்த ஊர் பர்கூருக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று தவிக்கிறேன்.

அப்பாவின் தாத்தாவுக்கு முனுசாமி என்று ஓர் அண்ணன். இளவயதில் கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர் திரும்பி வரவே இல்லை. மகாளய அமாவாசைக்குப் படைக்கும்போது இன்றும் எங்கள் வீட்டில் அவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வோம். அவருக்கு அங்கே பிள்ளைகள் இருந்தார்களா, இப்போது யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அப்பா மிகவும் ஆசைப்படுகிறார்.

கட்டணம் வாங்கும் ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கியிருக்கிறேன். அங்கே குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போக முடியவில்லை. தகப்பனார் பெயரை அதில் இட்டால் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவரும் மூன்று வெவ்வேறு குடும்பத்தவர் போலக் காட்டுகிறது. பிறந்த இடம் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று கொடுத்தால் ஒரு பதிவும் வருவதில்லை. 'சேலம்' என்று கொடுத்தால் அமெரிக்காவின் மாசசூசெட்சில் உள்ள சேலம் ஊர்க்காரர்கள் வரிசையாக வருகிறார்கள்.

இதற்கிடையே, 'உங்கள் முன்னோர் இவராக இருக்கலாம்' என்று ஒரு முனுசாமியைத் தளமே காட்டுகிறது. சேலம் ஜில்லாவிலிருந்து நேட்டால் போனவர், வயதும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன் உடனே சேர்த்துவிடச் சொல்கிறான். சேர்க்கலாமா?

அரூரிலிருந்து:

தயவுசெய்து இப்போது சேர்க்காதீர்கள். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற நம் பக்கத்து மக்கள். அத்தனை பேரில் முனுசாமிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் நமக்கு உண்டு. ஒரே வீட்டிலேயே ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். பெயரையும் வயதையும் மட்டும் ஒப்பிட்டுத் தளம் தரும் யோசனை நம் குடும்பங்களுக்குப் போதாது. தகப்பனார் பெயரும் கிராமமும் பொருந்தினால்தான் அவர் உங்களவர். தவறான ஆளைச் சேர்த்துவிட்டால், அதைப் பார்த்து இன்னொருவர் எடுத்துக்கொள்வார். அப்படிப் பரவிய பிழையைப் பிறகு எல்லா இடத்திலும் திருத்துவது கடினம். நான் இதை அழுத்திச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

இடத்தைப் பற்றி: கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் பிறந்தது. அதற்கு முன் தருமபுரி மாவட்டம், அதுவும் 1965 அக்டோபரில்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் எல்லாமே சேலம் ஜில்லா, சென்னை மாகாணம். ஆகவே நாடு இந்தியா, மாகாணம் மெட்ராஸ், மாவட்டம் சேலம் என்று மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அமெரிக்கச் சேலம் விலகிவிடும். பர்கூர் அப்போது தாலுகா அல்ல என்பதால் தாலுகா கேட்கும் இடத்தில் கிருஷ்ணகிரி என்று போடுங்கள். அதையும் அக்கால ஆங்கிலத்தில் 'கிஸ்ட்னகெரி' என்பது போல எழுதியிருப்பார்கள். திருப்பத்தூரும் ஒரு காலத்தில் சேலம் ஜில்லாவில் இருந்தது, அதையும் விடாமல் பாருங்கள்.

பெயர்க் கட்டத்துக்கு ஒரு வழி: ஃபேமிலிசெர்ச் தளத்தில் குடும்பப் பெயரைக் காலியாக விடலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கிறிஸ்தவத் திருச்சபை நடத்துவது அது. கணக்குத் தொடங்கப் பணம் இல்லை. சொந்தப் பெயரை மட்டும் முதல் கட்டத்தில் எழுதி, முதலெழுத்தையும் ஊரையும் குறிப்பில் எழுதிவையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரம் அங்கே மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் மறைந்தவர்களின் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். யாராவது தவறாக இணைத்துவிட்டால், மாற்றங்களின் வரலாற்றைத் திறந்து பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும்.

தருமபுரி, ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்:

தம்பி, இணையத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு வீட்டுப் பரணைப் பாருங்கள். முனுசாமியின் தகப்பனார் பெயர் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்று நினைக்கிறேன். அதை உங்களுக்குச் சொல்லப்போவது பழைய பத்திரம்தான்.

கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் 'இன்னார் குமாரர்' என்று கட்டாயம் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதுவே பாதி வம்சாவளி. அண்ணன் தம்பிகள், இறந்தவரின் வாரிசுகள், சில சமயம் ஊரைவிட்டுப் போனவரின் பங்கு என்ன ஆனது என்பதுகூட எழுதியிருக்கும். அடமானப் பத்திரத்தையும் விடாதீர்கள். பஞ்ச காலத்தில் அடமானம் வைத்த நிலங்கள் நம் பக்கத்தில் ஏராளம். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கடுமையாகத் தாக்கியது. அதன் பிறகு பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்கள் பலர்.

பத்திரம் தொலைந்திருந்தால், பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் வில்லங்கம் இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் கட்டணம் கட்டி மனுக் கொடுக்க வேண்டும். பட்டா, சிட்டா இணையத்தில் வருவது இன்றைய நிலவரம் மட்டுமே. உங்களுக்கு வேண்டியது யு.டி.ஆருக்கு (நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடு. சர்வே எண் தெரிந்தால் தாலுகா அலுவலகத்தில் நகல் கேளுங்கள். ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம், ஊர்த் தலைவரான மணியக்காரர் முறை 1980இல் ஒழிந்தபோது சில கிராமக் கணக்குகள் கைமாறின. எதுவும் அகப்படாவிட்டால் பழைய கர்ணத்தின் வீட்டாரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பி அலைய வேண்டாம். அதில் வெளியாவது மொத்த எண்ணிக்கைதான், ஆள் பெயர் வராது.

இன்னொன்று. குலதெய்வக் கோயிலில் கூடும் பங்காளிகளில் மூத்த பெண்மணிகளிடம் பேசுங்கள். ஆண்கள் சொத்தை நினைவில் வைப்பார்கள், யார் யாருக்கு எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பதைப் பெண்கள்தான் சொல்வார்கள்.

ஓசூரிலிருந்து:

என் பாட்டி வழி உறவைத் தேடியபோது நேட்டால் கப்பல் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் உண்டு. பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். தாணா என்ற இடத்தில் பெரும்பாலும் தாலுகாதான் இருக்கும். தளம் காட்டும் சுருக்கத்தோடு நின்றுவிடாமல் அந்த முழு வரியைத் திறந்து படியுங்கள்.

பெயரை வைத்துத் தேடுவதைவிடக் கிராமத்தை வைத்துத் தேடுவது பலன் தரும். காதில் விழுந்ததை எழுத்தர்கள் தோன்றியபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். 'பள்ளி', 'பட்டி', 'அள்ளி' என்ற முடிவுகள் கண்டபடி மாறியிருக்கும். ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் வைத்துத் தேடுங்கள். ஒரே கிராமத்திலிருந்து சேர்ந்து கிளம்பியவர்கள் பட்டியலில் அடுத்தடுத்த எண்களில் இருப்பதுண்டு. ஆகவே முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் பாருங்கள்.

குடியேற்ற எண் உறுதியானால் பாதை திறந்துவிடும். அங்கே நடந்த திருமணம், பிறப்பு, இறப்புப் பதிவுகளில் அதே எண் தொடரும். தென்னாப்பிரிக்க இறப்பு அறிவிப்புப் படிவத்தில் பெற்றோர் பெயர், பிள்ளைகள் பெயர் கேட்கும் இடங்கள் உண்டு. உங்கள் அப்பா கேட்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

பர்கூரிலிருந்து கேட்டவர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தேடியதில் ஒரு பழைய கிரயப் பத்திரம் கிடைத்தது. அதில் அப்பாவின் தாத்தா 'மாரப்பன் குமாரர்' என்று தெளிவாக இருக்கிறது. தளம் காட்டிய முனுசாமியின் முழு வரியைத் திறந்து பார்த்தேன். தகப்பனார் பெயர் அப்பாவு, தாலுகா ஆத்தூர். அவர் எங்களவர் அல்ல. யோசனையை நிராகரித்துவிட்டு, சித்தப்பா மகனிடமும் காரணத்தை விளக்கிவிட்டேன்.

கிருஷ்ணகிரி தாலுகாவில் எங்கள் ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகளோடு சில வரிகள் வருகின்றன. ஒன்றில் தகப்பனார் பெயர் 'மாரன்' என்பது போல இருக்கிறது, ஆனால் போனவர் பெயர் முனியன். இதை எப்படி எடுத்துக்கொள்வது? பத்திரத்தின் பின்பக்கம் தெலுங்கில் ஏதோ எழுதியிருக்கிறது. அதையும் படிக்கத் தெரியவில்லை. படத்தை இங்கே போடலாமா?

ஓசூரிலிருந்து:

முனியன், முனுசாமி, முனியப்பன் மூன்றும் ஒரே ஆளுக்கு வழங்கியிருக்கலாம், வேறு ஆளாகவும் இருக்கலாம். 'இருக்கலாம்' என்ற குறிப்போடு தனியே எழுதிவையுங்கள், குடும்ப மரத்தில் ஏற்ற வேண்டாம். உடல் அடையாளத்தில் காது குத்தியது, பச்சை, தழும்பு என்று ஏதாவது இருந்தால் அப்பாவிடமும் அத்தைகளிடமும் கேளுங்கள். அந்த எண்ணைக் கொண்டு அங்குள்ள திருமணப் பதிவையும் தேடுங்கள்.

பத்திரத்தை முழுதாக இங்கே போடாதீர்கள். நில விவரங்கள் வெளியே போவது நல்லதல்ல. முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். பின்பக்கத்தில் சர்வே எண், எல்லை இருந்தால் அவற்றை மறைத்துவிட்டு, தெலுங்கு வரிகள் மட்டும் தெரியும்படி படம் எடுத்துத் தனி மடலில் அனுப்புங்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பழைய தெலுங்குக் கையெழுத்து படிக்க வரும். பெரும்பாலும் அது சாட்சிகளின் கையொப்பமாகவோ பதிவு அலுவலகக் குறிப்பாகவோ இருக்கும். சாட்சிகளில் ஒருவர் பங்காளியாக இருந்தால், அவருடைய தகப்பனார் பெயரும் நமக்குக் கிடைத்துவிடும்.