வாங்குன ரேம் லேப்டாப் ஸ்லாட்டுல உக்கார மாட்டேங்குது, டிடிஆர்3எல்லா டிடிஆர்4-ஆ? உதவி பண்ணுங்க

பெர்ஜுந்தை_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். நான் பெஸ்தாரி ஜெயா, பழைய பத்தாங் பெர்ஜுந்தைன்னு சொன்னாதான் நெறைய பேருக்குத் தெரியும். தோட்டத்து லயத்துல வீடு. தங்கச்சி இந்த வருஷம் டிப்ளோமா சேந்திருக்கா, கேஎல்ல வேல செய்யிற மாமா அவரோட பழைய ஏசர் லேப்டாப்ப குடுத்தாரு. ஐ5-7200யூ பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. குரோம்ல நாலு டேப், கூட ஒரு வேர்ட் பைல் தொறந்தா போதும், மவுஸ் கூட நகர மாட்டேங்குது. ஆன்லைன் கிளாஸ்ல லெக்சரர் பேசறது விட்டு விட்டு கேக்குது, புள்ள அழுதுடுச்சி.

ரேம் போட்டா சரியாயிடும்னு கூட்டாளி சொன்னான். சும்மா போய் வாங்கக்கூடாதுன்னு இன்டெல் பக்கத்துல அந்த பிராசஸர தேடிப் பாத்தேன், ரேம் வகை டிடிஆர்3எல், வேகம் 1600-ன்னு போட்டிருந்துச்சு. டவுன்ல ஒரு கடையில அதையே கேட்டேன், கடைக்காரரு எந்த லேப்டாப்புன்னு கூட கேக்கல, 8 ஜிபி ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டாரு. 85 வெள்ளி. அம்மா கூட்டு காசுல எடுத்துக் குடுத்த பணம் அது.

நேத்து ராத்திரி மைலோ டின் மூடியில ஸ்குருவெல்லாம் போட்டு வச்சி அடி மூடிய தொறந்தேன். ரெண்டு ஸ்லாட் இருக்கு, ஒண்ணு காலி. சந்தோஷமா வச்சா உக்காரவே இல்ல. ரேம் ஓரத்துல தங்கக் கலர்ல பல்லு வரிசை இருக்குல்ல, அதுக்கு நடுவுல ஒரு வெட்டு, அந்த வெட்டும் ஸ்லாட்டுக்குள்ள இருக்கிற சின்ன மேடும் நேரா வரல, தள்ளி தள்ளி நிக்குது. லேசா அமுக்கிப் பாத்தேன், ஒடைஞ்சிடுமோன்னு விட்டுட்டேன். இன்டெல்லே டிடிஆர்3எல்லுன்னு சொல்லும்போது எங்க தப்பு நடந்துச்சு?

ஈப்போ_ரிப்பேர்:
தம்பி, இனிமே அமுக்காதீங்க, அத முதல்ல சொல்லிடறேன். அந்த வெட்டு வச்சிருக்கிறதே தப்பான ரேம் உள்ள போகக் கூடாதுன்னுதான், அது உங்க மதர்போர்ட காப்பாத்தியிருக்கு. லேப்டாப்புல போடற டிடிஆர்3, டிடிஆர்3எல்லுக்கு 204 பின்னு, டிடிஆர்4-க்கு 260, இப்ப வர்ற டிடிஆர்5-க்கு 262. வெட்டு ஒவ்வொண்ணுலயும் வேற வேற எடத்துல இருக்கும். கரண்டும் வேற, டிடிஆர்3எல் 1.35 வோல்ட், டிடிஆர்4 1.2 வோல்ட். கஷ்டப்பட்டு உள்ள தள்ளுனாலும் ஓடாது, ஸ்லாட்தான் போகும்.

நீங்க பாத்த பக்கம் பொய் சொல்லல. 7200யூ-வுக்கு டிடிஆர்4 2133, எல்பிடிடிஆர்3 1866, டிடிஆர்3எல் 1600 மூணும் அங்க போட்டிருக்கும், அந்த வரிய முழுசா படிச்சிருக்கணும். அதுக்கு அர்த்தம் அந்த பிராசஸர் இந்த மூணுல எதோடயும் வேல செய்யும்னு, உங்க லேப்டாப்புல மூணும் போடலாம்னு இல்ல. போர்டு செஞ்சவங்க அதுல ஒண்ண எடுத்து அதுக்கு ஏத்த ஸ்லாட்தான் வச்சிருப்பாங்க. இன்டெல் பிராசஸர்ல ஆறாவது, ஏழாவது ஜெனரேஷன்லதான் (உங்களது ஏழாவது) இந்தக் கொழப்பம் ரொம்ப, டிடிஆர்3எல்லுலேருந்து டிடிஆர்4-க்கு மாறுன காலம் அது. என்கிட்ட இதே 7200யூ லேப்டாப் டிடிஆர்3எல்லோடயும் வந்திருக்கு டிடிஆர்4-ஓடயும் வந்திருக்கு.

அதனால பிராசஸர் பேர வச்சி ரேம் வாங்கவே கூடாது. உள்ள இருக்கிற பழைய ரேம்ல ஸ்டிக்கர் இருக்கும், அத போட்டோ எடுங்க. பிசி3எல்லுன்னு ஆரம்பிச்சா டிடிஆர்3எல், பிசி4-ன்னா டிடிஆர்4. அந்த ஒரு வரிய இங்க எழுதுங்க, மத்தத நான் சொல்றேன்.

பெர்ஜுந்தை_தம்பி:
அண்ணே இப்பதான் தொறந்து பாத்தேன். 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2400டி-ன்னு இருக்கு. ஆனா விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்ல ஸ்பீடு 2133-ன்னு காட்டுது, ஸ்டிக்கர்ல 2400. இது வேற கொழப்பமா இருக்கே?

ஈப்போ_ரிப்பேர்:
கொழப்பம் ஒண்ணுமில்ல. ரேம் 2400-ல ஓடற அளவுக்கு செஞ்சது, உங்க பிராசஸர் 2133 வரைக்கும்தான் ஓட்டும், அதனால எறங்கி 2133-ல ஓடுது. மோட்டோ 150 போகும்னாலும் லாலான் ரோட்டுல 40-தானே போக முடியும். கடையில 2133 இல்ல 2400 மட்டும் இருக்கு 2666 இருக்குன்னா வாங்கிக்கலாம், 3200 கூட பெரும்பாலும் எறங்கி ஓடும்.

நீங்க கேக்க வேண்டியது: டிடிஆர்4, லேப்டாப் ரேம், 8 ஜிபி, 1.2 வோல்ட். லேப்டாப் ரேம்னு வாய் தொறந்து சொல்லுங்க, பிசிக்குப் போடறது நீட்டமா 13 சென்டிமீட்டருக்கு மேல இருக்கும், நம்மளது 7 சென்டிமீட்டர் கிட்டதான். பழைய 4 ஜிபிய கழட்ட வேண்டாம். 4-ம் 8-ம் சேந்து 12 ஜிபி வரும், ஒரே பிராண்டா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. முதல் 8 ஜிபி டூயல் சேனல்ல, அதாவது ரெண்டு ரேமும் ஒரே நேரத்துல சேந்து வேகமா, ஓடும், மிச்ச 4 சிங்கிள்ல ஓடும், உங்க தங்கச்சி வேலைக்கு அது தாராளம்.

போடறதுக்கு முன்ன சார்ஜர உருவிட்டு, பேட்டரி ஒயர போர்டுலேருந்து எடுத்துட்டு, பவர் பட்டன பத்து செகண்டு அமுக்கிப் பிடிங்க. ரேம சாய்வா வச்சி பல்லு முழுசா உள்ள மறையற வரைக்கும் தள்ளணும், அப்புறம் கீழ அமுக்குனா ரெண்டு பக்கமும் கிளிப் டிக்குன்னு மாட்டும். பல்லு வெளிய தெரிஞ்சா இன்னும் போகலன்னு அர்த்தம்.

செம்பனை_அக்கா:
தம்பி, உங்களுக்கு ஸ்லாட்டாச்சும் இருக்கு. என் மகனுக்கு பசார்ல ஒரு கடைக்காரரு பேச்ச நம்பி ரேம் வாங்கிட்டு வந்து தொறந்து பாத்தா ஸ்லாட்டே இல்ல, எல்லாம் போர்டோட ஒட்டிப் பத்த வச்சது, காசும் திரும்ப கிடைக்கல. அப்புறம்தான் ஒருத்தர் சொன்னாரு, டாஸ்க் மேனேஜர்ல பெர்பார்மன்ஸ், மெமரி போனா பார்ம் பேக்டர்னு ஒரு வரி இருக்கு, அதுல எஸ்ஓடிம்-ன்னு இருந்தா கழட்டி மாத்தலாம், ரோ ஆப் சிப்ஸ்-ன்னு இருந்தா ஒட்டுனதுன்னு. இத படிக்கிற மத்தவங்களும் மூடிய தொறக்கறதுக்கு முன்னாடி அத பாத்துடுங்க. அப்புறம் தம்பி, அந்த கடைக்குப் போயி பெட்டியோட ரசீதோட பணிவா கேளுங்க, மாத்திக் குடுக்க வாய்ப்பு இருக்கு.

கிள்ளான்_எஸ்எஸ்டி:
என்னக் கேட்டா ரேமுக்கு முன்ன அந்த ஹார்ட் டிஸ்க்க தூக்குங்க. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 பெர்சன்ட் நிக்குதா பாருங்க, நின்னா எஸ்எஸ்டி, அதான் சுத்தாத வேகமான டிஸ்க், போட்டாதான் மூச்சு வரும். எங்க அண்ணன் மகளுக்கு 4 ஜிபியோட எஸ்எஸ்டி மட்டும்தான் மாத்துனோம், நல்லா ஓடுது.

ஈப்போ_ரிப்பேர்:
எஸ்எஸ்டி நல்லதுதான், மறுக்கல. ஆனா ரேம் ரொம்பிட்டா விண்டோஸ் மிச்சத்த டிஸ்க்குல எழுதி எழுதி படிக்கும், அதனாலயும் டிஸ்க் 100 காட்டும். தம்பி சொல்றத பாத்தா நாலு டேப்ல நின்னுடுது, அது ரேம் பத்தாத அடையாளம். மெமரி 90 பெர்சன்டுக்கு மேல நிக்குதான்னு முதல்ல பாருங்க. காசு சேந்தா அடுத்த மாசம் எஸ்எஸ்டி போடுங்க.

இன்னொண்ணு மறைக்காம சொல்லிடறேன், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் நிறுத்திட்டாங்க, உங்க 7200யூ பிராசஸர் விண்டோஸ் 11-க்கு ஏத்ததுன்னு இருக்கிற லிஸ்ட்டுல இல்ல. அதனால இந்த லேப்டாப்புக்கு 16, 32-ன்னு பெரிய காசு போடாதீங்க, 12 ஜிபியோட நிறுத்திக்குங்க, பேங்க் வேலைய அதுல செய்ய வேண்டாம்.

பெர்ஜுந்தை_தம்பி:
அண்ணே, அக்கா, வேல முடிஞ்சிடுச்சி. மெமரி 94-ல நின்னுச்சு, அண்ணன் சொன்னது சரிதான். கடைக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன், ஸ்டிக்கர் போட்டோவ காட்டுனேன், அவரு ஒண்ணும் பேசாம மாத்திக் குடுத்துட்டாரு, மேல 20 வெள்ளி கட்டுனேன். டிடிஆர்4 8 ஜிபி 2666. வெட்டு நேரா வந்து உக்காந்துச்சு, பல்லு முழுசா மறைஞ்சது, ரெண்டு பக்கமும் டிக்குன்னு சத்தம். முதல் தடவ ஆன் பண்ணப்ப ஸ்கிரீன் கொஞ்ச நேரம் கறுப்பாவே இருந்துச்சு, உசுரே போயிடுச்சி, அப்புறம் தானா வந்துடுச்சி. இப்ப 12 ஜிபி காட்டுது, ஸ்பீடு 2133, ஸ்லாட் ரெண்டுல ரெண்டு. தங்கச்சி கிளாஸ்ல உக்காந்திருக்கா, பக்கத்துல அவளோட அசைன்மென்ட் பைலும் தொறந்திருக்கு.

செம்பனை_அக்கா:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ரசீத பத்திரமா வச்சிக்குங்க, ரேமுக்கு வாரண்டி இருக்கும்.