பியானோ தெரியாத நடத்துநர்: காலின் டேவிஸைக் கேட்ட அனுபவம்

லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் கிளாரினெட் என்னும் ஊதுகருவி படித்துக்கொண்டிருந்த காலின் டேவிஸை, இசைக்குழு நடத்தும் வகுப்பில் சேர்த்துக்கொள்ளவில்லை. பியானோ வாசிக்க வராதவன், கையசைத்து இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநராக முடியாது என்பது அவர்கள் கணக்கு. அதே மனிதர் 1971 முதல் 1986 வரை லண்டன் கோவென்ட் கார்டனில் உள்ள ராயல் ஆப்பரா என்னும் இசைநாடக நிறுவனத்தின் இசை இயக்குநராக இருந்தார். 1995 முதல் 2006 வரை லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை நடத்துநர். கல்லூரியின் கணக்கு பொய்த்தது என்று சொல்லிச் சிரிப்பது சுலபம். ஆனால் கடைசிவரை அவர் கிளாரினெட்காரராகவே இருந்தார், அதுதான் அவருடைய பலம் என்று நான் நினைக்கிறேன்.

நானும் ஒரு சிறிய அமெச்சூர் குழுவில் இரண்டாவது கிளாரினெட் வாசிக்கிறேன். எங்கள் வேலையில் பாதி, வாசிக்காமல் காத்திருப்பது. நாற்பது பார் (தாளக் கட்டம்), ஐம்பது பார் என்று ஓய்வை எண்ணிக்கொண்டு, ரீட் என்னும் நாணல் பட்டை காய்ந்துவிடாமல் உதட்டில் வைத்து நனைத்துக்கொண்டு, மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் முறை வரும்போது, நடத்துநரின் கை விழும் கணத்தைவிட அதற்கு முந்தைய கணம்தான் முக்கியம். அப்போது மூச்சை இழுத்திருக்காவிட்டால் கதை முடிந்தது. எத்தனையோ நடத்துநர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2006-ல் லண்டன் பார்பிகன் அரங்கில் டேவிஸ், ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் முதல் சிம்பொனியை நடத்தியபோது பக்கவாட்டில் ஓர் இருக்கை கிடைத்தது. அந்தச் சிம்பொனி தொடங்குவதே ஒற்றைக் கிளாரினெட்டில்தான். அடியில் டிம்பனி என்னும் பெரிய முரசு மெல்ல உருள்கிறது, பிறகு அதுவும் அடங்கிவிட, கிளாரினெட் மட்டும் தனித்து நிற்கிறது. நெஞ்சு படபடக்கும் இடம் அது. டேவிஸ் வாசிப்பவரை விரட்டவில்லை, கையால் இழுத்துப் பிடிக்கவும் இல்லை. ஒரு நல்ல மூச்சுக்கு இடம் விட்டு, அவர் போக்கில் போக விட்டார். வயலின்கள் நுழைந்த பிறகுதான் கைகளுக்கு உயிர் வந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு இதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்திருந்தது.

அவர் நடத்தும்போது முனகுவார், கூடவே பாடுவார். பதிவுகளிலும் அது கேட்கும், விமர்சகர்கள் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஊதிப் பழகியவரின் கையிலிருந்து கருவியை வாங்கிவிட்டு ஒரு குச்சியைக் கொடுத்தால், அந்த மூச்சு எங்கேயாவது வெளியே வரத்தானே செய்யும்?

இந்த நிலைக்கு அவர் சுலபமாக வந்துவிடவில்லை. கட்டாய ராணுவப் பணியில் அரச குதிரைப்படை இசைக்குழுவின் கிளாரினெட்காரர். வின்ட்சரில் முகாம் என்பதால் லண்டன் கச்சேரிகளுக்குப் போய்வர முடிந்தது. 1950-ல் செல்சி ஆப்பரா குழு என்று ஆர்வலர்கள் தொடங்கியபோது அதில் நடத்தினார். 1957-ல்தான் பிபிசி ஸ்காட்டிஷ் குழுவில் துணை நடத்துநர் வேலை. 1959-ல் புகழ்பெற்ற நடத்துநர் ஆட்டோ கிளெம்பெரருக்கு உடல்நலம் குன்றவே, ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் மொசார்ட்டின் 'டான் ஜொவான்னி' ஆப்பராவை ஏற்று நடத்தினார். மறுநாளே ஊர் முழுக்க அவர் பேச்சு. அப்போது வயது 32. அடுத்த ஆண்டு கிளைண்ட்போர்ன் ஆப்பரா விழாவில் நடத்துநர் தாமஸ் பீச்சமுக்குப் பதிலாக மொசார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்'. இப்படி மேலே வந்தவரைத்தான் கோவென்ட் கார்டனில் முதல் சில ஆண்டுகள் ரசிகர்கள் ஊளையிட்டு அவமதித்தார்கள். ஆப்பரா ரசிகர்களின் இந்தக் குணத்தை என்னால் இன்றும் சகிக்க முடியவில்லை.

2012 ஜூனில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸின் 'ரெக்வியம்' (இறந்தோருக்கான வழிபாட்டு இசை) கேட்டதையும் சொல்ல வேண்டும். வாங்கியது மலிவு டிக்கெட். எனக்கும் மேடைக்கும் நடுவே ஒரு பெரிய தூண், அவரைப் பார்க்கவே முடியவில்லை. நான்கு திசைகளில் நிற்கும் பித்தளைக் குழுக்கள், 16 டிம்பனி, பெரிய சேர்ந்திசைக் குழு என்று எழுதப்பட்ட படைப்பு. அந்தக் குவிமாடத்தின் கீழ் ஓர் ஒலி அடங்கப் பல வினாடிகள் ஆகும். அவசரப்பட்டால் எல்லாம் கூழாகிவிடும். 84 வயது டேவிஸ் அவசரப்படவே இல்லை. இடி போன்ற பகுதியைவிட, பின்னால் வரும் 'ஹோஸ்தியாஸ்' பகுதிதான் என்னை அசைத்தது. உச்சியில் புல்லாங்குழல்கள், அதலபாதாளத்தில் டிரம்போன்கள் என்னும் பித்தளைக் கருவிகள், நடுவில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த ஒலி கூரைக்குப் போய்த் திரும்பும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடங்கினார்கள். அடுத்த ஏப்ரலில் அவர் காலமானார்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, 1964-ல் ஜாக் பிரைமர் வாசிக்க, டேவிஸ் லண்டன் சிம்பொனியை நடத்திய மொசார்ட் கிளாரினெட் கான்செர்ட்டோ, அதாவது தனிக் கிளாரினெட்டும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. இரண்டாம் பகுதியில் கிளாரினெட் பாடி முடித்த மெட்டை முழுக் குழுவும் திருப்பிப் பாடும் இடத்தைக் கவனியுங்கள். பிறகு சிபேலியஸுக்குப் போகலாம். 'ரெக்வியம்' அந்தக் கச்சேரியிலிருந்தே பதிவாகி வெளிவந்திருக்கிறது. அதை மட்டும் தயவுசெய்து கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், டிரம்போன் இருப்பதே தெரியாது.