புதுப்பிப்பு: பேருந்து நிறுத்தத்தில் தங்கியிருந்த பெண்மணி இப்போது சிகிச்சையில் இருக்கிறார்

எங்கள் தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில், தனக்குத்தானே பேசியபடி இரவு பகலாகத் தங்கியிருந்த பெண்மணிக்கு எப்படி உதவலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். உங்களில் பலர் சுட்டிக்காட்டிய 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவுதான் கைகொடுத்தது. மனநோயால் தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாமல் திரிபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் மதிப்பீட்டுக்காக அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றும், எந்த நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. முதலில் தயங்கிய காவல் நிலையத்தில் அந்தப் பிரிவின் நகலைக் காட்டியதும், பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் தாமே நேரில் வந்தார்.

தம் துணிமூட்டையை விட்டு அந்தப் பெண்மணி நகர மறுத்தார். தினமும் தேநீர் கொடுத்துவந்த கடைக்கார அண்ணன் மூட்டையை முதலில் வண்டியில் ஏற்றி வைத்த பிறகே, அவரும் ஏறினார்.

இப்போது மருந்து பலனளிக்கிறது. தெலுங்கில் தம் ஊர்ப்பெயரைச் சொல்லியிருக்கிறார், உறவினர்களைத் தேடுகிறார்கள். அவர்கள் கிடைக்காவிட்டால், மனநோயுடன் வீடற்றுத் தவிப்போருக்காக 1993 முதல் சென்னையில் இயங்கிவரும் பேன்யன் அமைப்பு செய்வதுபோல், சாதாரணக் குடியிருப்பில் வாடகை வீடெடுத்துச் சிலரைச் சேர்ந்து வாழவைக்கும் ஏற்பாடே சரியானது என்று உறுதியாக நம்புகிறேன். சிகிச்சைக்குப் பின் மீண்டும் தெருவில் விட்டால் அத்தனையும் வீணாகிவிடும்.

தெலுங்கு பேசத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்க என்னுடன் வர முடியுமானால், தயவுசெய்து தெரிவியுங்கள்.