நுண்ணிலைக் கற்பித்தலில் கண்ட ஒரு நொடி

மேற்பார்வையாளர் எழுதியது:
ஒரு சிறு குழுவுக்குச் சில நிமிடம் பாடம் நடத்தி, ஒரே ஒரு கற்பித்தல் திறனை மட்டும் பழகுவதே நுண்ணிலைக் கற்பித்தல். அன்று வினாக் கேட்கும் திறனுக்கான பயிற்சி. காணொளியை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது கண்ட காட்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இலைக்கு ஒளி எதற்கு என்று கேட்ட மாணவ ஆசிரியை, கேட்ட கையோடு விடையையும் தாமே சொல்லிவிடுகிறார். பேச வாய் திறந்த ஒரு சிறுவன், அவர் குரல் எழுந்ததும் மூடிக்கொள்கிறான். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடி பொறுத்தால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன என்றும் 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ எழுதியதை, கல்வி உளவியல் தேர்வில் பிழையின்றி விளக்கியவர்தான் இந்த மாணவ ஆசிரியை. தாம் செய்ததை அவருக்குக் காட்ட ஒரு கேமரா வேண்டியிருந்தது.

பழைய கரும்பலகை எழுதியது:
கேமராவுக்குத் தாங்கள் தரும் பெருமை சற்று அதிகம். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலன் குழுவினர் இம்முறையை வகுத்தபோதும், கற்பித்து, கருத்துக் கேட்டு, மறுபடி கற்பிக்கும் சுற்றுதான் அதன் உயிர். படப்பதிவு அதற்குத் துணை மட்டுமே. நான் பார்வையிட்ட வகுப்பில் பயிற்சி ஆசிரியர் ஒருவர் திரையில் நிறைந்திருந்த பத்தியை வரிவரியாக வாசித்துக்கொண்டிருக்க, ஒரு சிறுமி இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அதையே படித்தாள்.

ஆகவே பயிற்சியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: திரையில் படத்தை வையுங்கள், விளக்கத்தை வாயால் சொல்லுங்கள். படமும் பேச்சும் இருக்கையில் அதே சொற்களை எழுத்தாகவும் காட்டுவது கற்றலைக் குறைக்கக்கூடும் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் சோதனைகள் காட்டின. மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய தகவலுக்கு எல்லை உண்டு என்று ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிதல் சுமைக் கோட்பாட்டோடும் இது பொருந்துகிறது. பாடக்குறிப்பில் 'துணைக்கருவி: ஸ்மார்ட் போர்டு' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், எந்தக் கருத்துக்காக, எந்த நிமிடத்தில், அது இல்லாவிட்டால் என்ன குறையும் என்பதையும் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை வராவிட்டால் பலகையை அணைத்துவிடலாம். (இதை யாரும் கேட்கவில்லை என்பது தெரியும்.)

இரண்டாமாண்டு எழுதியது:
ஐயா, காதைப் பொத்திய சிறுமியைப் பார்வையாளராக அமர்ந்திருந்த தாங்கள் கண்டீர்கள். திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தவர் கண்டிருப்பாரா? என் பதிவைப் பார்க்கும்வரை, வலப்பக்க வரிசைக்கு நான் முதுகைக் காட்டியே நின்றிருந்தேன் என்பதை மேற்பார்வையாளர் சொல்லியும் நான் நம்பவில்லை. கருத்துக் கேட்கும் சுற்றே உயிர் என்கிறீர்கள். அந்தச் சுற்றில் நான் வாதாடாமல் இருந்தது காணொளி ஓடிய அன்று மட்டும்தான்.